ஐம்பதாவது கையெழுத்து

பன்னிரண்டு வருஷம் வேறொரு நாட்டில் மரபணு ஆலோசகராக இருந்தவள், இந்த நாட்டில் அதே வேலைக்குச் சான்றிதழ் வாங்க ஐம்பது நோயாளி நேர்காணல்களில் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் இங்கே சான்றிதழ் பெற்ற ஓர் ஆலோசகர் கையெழுத்துப் போட வேண்டும். நாற்பத்தொன்பது ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் ஐம்பதாவது விழாவிட்டால் அடுத்த வருஷம் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். விதி எழுதியவர்களுக்கு என்ன வந்தது, மாதம் பிறந்தால் சம்பளம்.

கையெழுத்துப் போடுகிறவருக்கு ஆஸ்பத்திரியில் பல்குச்சி என்று பெயர். அவளைவிட எட்டு வயது சின்னவர். எதிரில் இருக்கும் ஆளைப் பார்க்காமல் கணினியைப் பார்த்தே கேள்வி கேட்பார். பதில் வருவதற்குள் குச்சியால் கடைவாயை ஒருமுறை குடைந்துவிடுவார். ஐம்பது தடவை அதைப் பார்க்க அவள் என்ன பாவம் செய்தாளோ.

வியாழக்கிழமை ஒரு கர்ப்பிணியும் அவள் அம்மாவும் வந்தார்கள்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?" என்று தாயைக் கேட்டார் பல்குச்சி.

"மூணு பொண்ணுங்க."

குடும்ப வரைபடத்தில் மூன்று வட்டம் போட்டார். "பயப்பட ஒண்ணுமில்ல, போய்ட்டு வாங்க." பதினொரு நிமிஷத்தில் முடிந்தது.

ஓரமாக உட்கார்ந்திருந்த அவளுக்குப் பகீரென்றது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிற பிள்ளைகளைத்தான் சொல்வார்கள். போனதைத் தாமாகச் சொல்ல நாக்கு எழாது. அந்த நாட்டில் அவள் மாணவர்களுக்கு முதல் வாரமே நடத்திய பாடம் இது. நோயாளியிடம் பேசினால் கையெழுத்துக் கிடையாது என்பதும் தெரியும். தெரிந்தே லிஃப்ட் வரைக்கும் ஓடினாள்.

"அம்மா, உங்களுக்கு மொத்தம் எத்தனை பிரசவம்?"

அந்த அம்மா பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். "அஞ்சு. ரெண்டு பசங்க தங்கல. மூணு மாசம்கூட இல்ல. ஈரத்துணி மாதிரி துவண்டு கிடப்பானுங்க."

"எங்கிட்ட சொன்னதே இல்லியேம்மா!" என்றாள் மகள்.

"யாருடி கேட்டா?"

பெண் வழியாக இறங்கி ஆண்பிள்ளைகளைக் கொல்லும் நோய்கள் உண்டு. மகள் வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று இன்னும் தெரியாது. இருவரையும் திரும்ப அழைத்து வந்தாள். மகளுக்கு ரத்தம் எடுத்தார்கள்.

அவர்கள் போனதும் பல்குச்சி கதவைச் சாத்தினார்.

"நோயாளிகிட்ட நீங்க பேசக் கூடாதுல்ல? நான் ஒரு வரி எழுதுனா உங்க விண்ணப்பம் காலி."

"சார், அந்தப் பொண்ணு..."

"அதான் ரத்தம் எடுத்தாச்சே." குச்சியை முகர்ந்து பார்த்துவிட்டு, அவளுடைய கோப்பின் மேலேயே வைத்தார். "அந்தக் கேள்விய நான் கேட்டேன்னு எழுதுங்க. கையெழுத்து போட்டுடறேன்."

அந்த மூஞ்சியில் காறித் துப்பிவிடலாம் போலிருந்தது. "சரி சார்" என்றாள். அப்படிச் சொன்ன தன் வாய்தான் அவளுக்கு அதைவிட அருவருப்பாக இருந்தது.

எழுதினாள். படிவத்தின் கடைசிக் கட்டம் கேட்டது: 'இன்று மேற்பார்வையாளரிடமிருந்து நீங்கள் கற்றுக்கொண்டது என்ன?'

'எத்தனை பிள்ளைகள் என்று கேட்கக் கூடாது. எத்தனை பிரசவம் என்று கேட்க வேண்டும்.'

பல்குச்சி இரண்டு முறை படித்தார்.

"பரவாயில்ல, சீக்கிரம் கத்துக்கறீங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.