பின்சீட்டு வாத்தியார்

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வாத்தியார். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து, அவருடைய வலது கால் தனக்கென்று ஒரு புத்தியை வளர்த்துக்கொண்டுவிட்டது. எந்த வண்டியில் ஏறினாலும், இல்லாத பிரேக்கை அது அழுத்தும். வாய் மட்டும் சும்மா இருக்குமா? "கியர் மாத்து, கியர் மாத்து" என்று அதுவும் கூடவே ஓடும். போன மாதம் ஒரு டாக்சிக்காரர் பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி, "நீங்களே ஓட்டிக்கோங்க சார்" என்று இறங்கிவிட்டார். வாத்தியாரின் மனைவிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அதனால்தான், தேசியப் பூங்காவின் டிக்கெட் கவுண்டரில் "ஜீப்பா, பஸ்ஸா?" என்று கேட்டதும் அவள் யோசிக்கவே இல்லை. ஜீப் என்றால் மனுஷன் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். அப்புறம் மிருகம் பார்த்த மாதிரிதான்!

"பஸ். கடைசி வரிசையில ரெண்டு சீட் கொடுங்க."

"அங்க தூக்கித் தூக்கிப் போடும்மா. முன்னாடியே காலியா இருக்கு," என்றார் கவுண்டர்காரர்.

"போடட்டும். எங்களுக்குக் கடைசிதான் வேணும்."

கழிவறைக்குப் போய்த் திரும்பிய கணவரிடம், "ஜீப் எல்லாம் போயிடுச்சாங்க" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னாள். அந்த நேரம் பார்த்து ஒரு காலி ஜீப் அவர்கள் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது.

"அப்ப இது?"

"இதுல பிரேக் சரியில்லையாம்."

பிரேக் என்ற சொல் வேலை செய்தது. வாத்தியார் இரண்டடி தள்ளி நின்று ஜீப்பைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் ஏறினார்.

பஸ்ஸை ஓட்டியவர் ஒரு நடுவயதுப் பெண்மணி. "யாரும் சத்தம் போடாதீங்க, அப்புறம் ஒண்ணும் கண்ணுல படாது" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். வாத்தியார் உடனே முணுமுணுக்கத் தொடங்கினார்.

"கிளட்ச் மேலயே கால வெச்சிருக்காங்க பாரு."

"அதோ மான் பாருங்க."

"மான் எங்க ஓடிடப் போகுது? நீ அந்த வளைவுல அவங்க திருப்பினதைப் பார்த்தியா?"

மான் ஓடியேவிட்டது. ஆனால் நடுவில் பதினோரு வரிசை இருந்ததால் ஒரு சொல்கூட டிரைவர் காதுக்குப் போகவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

மூங்கில் புதர் ஓரமாகத் திரும்பியதும் பஸ் சட்டென்று நின்றது. பாதை நடுவே ஒரு யானை; அதன் காலடியில் குட்டி. யானை காதை விரித்தது. பின்வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் இடப்பக்கம் பள்ளம். டிரைவர் முன்வரிசைக்காரரிடம் ஏதோ கிசுகிசுத்தார். அது வரிசை வரிசையாகக் காதோடு காதாகப் பின்னால் வந்தது: கடைசி சீட்டில் இருப்பவர் பின்பக்கம் பார்த்துக் கை காட்ட வேண்டும், பேசக் கூடாது.

அவள் பல் டாக்டரிடம் உதவியாளர். நாள் முழுவதும் "வாயைத் திறங்க, நல்லாத் திறங்க" என்று சொல்வதே வேலை. இப்படி ஒரு வாய்ப்பு இனி எப்போது வரும்?

"ஏங்க, ரிவர்ஸுக்குக் கை காட்டணுமாம். வாயைத் திறக்கவே கூடாதாம்," என்று கணவர் காதில் ஆசை தீரச் சொன்னாள்.

வாத்தியார் எழுந்தார். பின்கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு ஒரு கையை உயர்த்தினார். அவர் விரல் சொன்னபடி அவ்வளவு பெரிய பஸ் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. உள்ளங்கை விரிந்தது, பஸ் நின்றது. யானை குட்டியைத் தும்பிக்கையால் தள்ளிக்கொண்டு மூங்கிலுக்குள் போய்விட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து அவள் பார்த்ததே இல்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"சார், பிரமாதமா காட்டுனீங்க! முன்னாடி வந்து உட்காருங்க," என்று டிரைவர் அழைத்தார்.

அவளுக்குப் பகீரென்றது. "வேண்டாங்க, அவருக்கு இங்கதான்..." என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் முன்சீட்டில் இருந்தார்.

காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். "கியர் மாத்து" வரவே இல்லை. விவரம் தெரிந்த ஆள் கிடைத்த குஷியில், இந்த பஸ்ஸின் கிளட்ச், டயர், மெக்கானிக் என்று டிரைவர்தான் தாழ்ந்த குரலில் மூச்சுவிடாமல் கொட்டிக்கொண்டிருந்தார். வாத்தியாருக்குத் தலையாட்ட மட்டுமே நேரம் கிடைத்தது.

கடைசி வரிசை மொத்தமும் இப்போது அவளுடையது. காலை நீட்டிக்கொண்டு பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பஸ் கடந்து வந்த பாதையில் ஒரு கரடி இறங்கி, நட்டநடுவில் உட்கார்ந்து, ஆற அமர வயிற்றைச் சொறிந்துகொண்டது. கூப்பிடலாமா? வாய் வரை வந்துவிட்டது. கூப்பிட்டால் அவர் திரும்பி வந்துவிடுவார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் வாத்தியார் யானைக் கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார். கரடியைப் பற்றி அவள் இன்றுவரை மூச்சு விடவில்லை.