ஐந்தாவது ஆற்றுக்கு அங்கிட்டு

தனிஸ்லாஸ் வாத்தியாருக்குப் புத்தகம் பார்க்காமல் எதையும் செய்து பழக்கமில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவர். பழங்காநத்தத்தில் இரண்டு அறை வாடகை வீடு. ஓர் அறையைப் புத்தகங்கள் எடுத்துக்கொண்டன. மற்றதில் அவரும் மனைவி ஆனிமேரியும் மகள் பாக்கியமேரியும் இருந்தார்கள். பிரஷர் குக்கர் வாங்கிய அன்று, அதோடு வந்த சின்னப் புத்தகத்தைப் படித்து முடிக்கும்வரை அடுப்பில் ஏற்றக் கூடாது என்றுவிட்டார். ஆனிமேரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கிறவள், எதுவும் கையோடு நடக்க வேண்டும் அவளுக்கு. அன்றைக்கு மூன்று பேரும் கடையில் வாங்கிய பரோட்டாதான் சாப்பிட்டார்கள்.

பாக்கியம் பிறந்தபோது புதுமண்டபத்துப் பழைய புத்தகக் கடையிலிருந்து, யாரோ ஒரு வெள்ளைக்கார டாக்டர் எழுதிய குழந்தை வளர்ப்புப் புத்தகத்தை வாங்கிவந்தார். தலையணை கனம். பல் முளைப்பதற்கு ஓர் அத்தியாயம், விரல் சூப்புவதற்கு ஓர் அத்தியாயம். பிள்ளை வீறிட்டு அழுதால் ஆனிமேரி பிள்ளையைத் தூக்குவாள், இவர் புத்தகத்தைத் தூக்குவார்.

இம்புட்டுப் புத்தகத்துக்கு நடுவே வளர்ந்த பாக்கியத்துக்குப் புத்தகம் என்றாலே ஆகாது. கேள்வி மட்டும் ஓயாமல் கேட்பாள். பல்லி ஏன் சுவரிலிருந்து விழவில்லை, பஸ் டயரில் எதற்கு வரி வரியாக வெட்டியிருக்கிறது, கடல் தண்ணீரில் உப்பைப் போட்டது யார். தனிஸ்லாஸுக்குச் சந்தோஷம் தாங்காது. "மூணாவது தட்டுல நீல அட்டை, எடுத்துப் பாரு" என்பார். அவள் மூன்றாவது தட்டைப் பார்ப்பாள், அந்த அட்டையின் தடிமனைப் பார்ப்பாள், கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு விளையாடப் போய்விடுவாள்.

அவள் எட்டாம் வகுப்பு படித்த வருஷம், காய்கறிக் கடையில் டியூஷன் டீச்சர் சுந்தரம்மாள் எதிர்ப்பட்டு, பாக்கியத்துக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். தனிஸ்லாஸ் மரியாதைக்கு, "பரவாயில்லை டீச்சர், தேவலை" என்று சொல்லிவிட்டு நடந்தார். முருங்கைக்காய்க் கட்டோடு தெருமுனை வரை போன பிறகுதான் நின்றார். காலையில் அந்தப் பிள்ளை, அம்மா தட்டிலிருந்ததையும் சேர்த்து இடியாப்பம் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தது.

வேறு அப்பனாக இருந்தால் நேரே வீட்டுக்குப் போய் இரண்டு போட்டிருப்பான். இவர் போய்ப் புத்தகத்தை எடுத்தார். பொய் சொல்லும் பிள்ளைகளைப் பற்றிய அத்தியாயத்தில் டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: உடனே திட்ட வேண்டாம், பிள்ளையை எது இழுக்கிறது என்று முதலில் நீங்களே போய்ப் பாருங்கள். எது இழுக்கிறது என்பது தெருவுக்கே தெரிந்திருந்தது. சைக்கிள் கடைக்குப் பின்னால் முத்துக்கருப்பன் புதிதாக வைத்திருந்த வீடியோ கேம். கடைசிப் பக்கத்து அகராதி வரிசையில் அதைத் தேடினார். இங்கிலீஷ் 'வி' எழுத்தில் அம்மை குத்துவது இருந்தது, வாந்தி இருந்தது, வீடியோ இல்லை. டாக்டர் செத்தே வெகுகாலம் ஆகியிருக்கும் என்று தோன்றியது. மறுநாள் சாயங்காலம், தோளில் துண்டை மாற்றிப் போட்டுக்கொண்டு அவரே கிளம்பினார்.

முத்துக்கருப்பன் உசிலம்பட்டிக்காரர். கல்யாண வீடு, காதுகுத்து வீடுகளுக்கு டிவியும் டெக்கும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சினன் ஒரு கேம் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போக, பழைய போர்வையைத் திரையாகக் கட்டி அதைத் தொழிலாக்கிவிட்டார். உள்ளே ஒரே புழுக்கம். ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் இளவட்டங்கள் டிவியைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். திரையில் ஒரு சின்னப் படகு ஆற்றில் போனது. மேலே பாறை உருண்டது, கீழே முதலை வாயைத் திறந்தது. ஓர் ஆறு முடிந்தால் அடுத்த ஆறு. மூன்றாவது ஆற்றில் ஒரு சுழி வந்து படகை விழுங்கும். பழங்காநத்தத்தில் இதுவரை ஒருத்தரும் அந்தச் சுழியைத் தாண்டியதில்லை என்று முத்துக்கருப்பன் பெருமையாகவே சொன்னார்.

வாத்தியாருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. மூலையில் இருந்த தண்ணீர்ப் பானையைத்தான் பார்த்தார். அதன்மேல் மூடியாக ஒரு சின்னப் புத்தகம் கிடந்தது. அதற்கு மேலே டம்ளர்.

"அண்ணே, அது என்ன புத்தகம்?"

"பொட்டியோட வந்துச்சு சார். பூராம் இங்கிலீசு. பானைக்குச் சரியா இருந்துச்சு."

தனிஸ்லாஸ் டம்ளரை இறக்கி வைத்துவிட்டு, ஈரத்தைத் துண்டால் ஒற்றியெடுத்து, நின்ற இடத்திலேயே படிக்க ஆரம்பித்தார். மகள், டியூஷன், காய்ச்சல் எல்லாம் மறந்தே போயிற்று. நாலைந்து பக்கம் புரட்டியதும் தொண்டையைச் செருமினார். வகுப்பில் பானிப்பட்டு யுத்தம் நடத்துகிற அதே குரலில், கேம் பெட்டியின் குச்சியைக் கீழே இழுத்துக்கொண்டு சிவப்புப் பொத்தானை இரண்டு தரம் அமுக்கினால் படகு தண்ணீருக்குள் முங்கும், சுழிக்கு அடியில் போய்விடலாம் என்று அறிவித்தார். கூட்டம் அவரைத் திரும்பிப் பார்த்தது. ஒருவன் எழுந்து முக்காலியைக் காட்டினான். "நீங்களே ஓட்டிக் காட்டுங்க சார்."

மறுக்க முடியவில்லை. துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதல் படகு கரையை விட்டு நகரவேயில்லை, முதலை கரைக்கே வந்து தின்றது. இரண்டாவது படகைப் பாறையின் மேல் அவரே கொண்டுபோய் மோதினார். எந்தப் பொத்தான் எதற்கு என்று மனப்பாடமாகத் தெரியும். விரலுக்குத்தான் அது தெரியவில்லை. படகு இடது பக்கம் போனால் இவர் உடம்பும் இடது பக்கம் சாய்ந்து, பக்கத்தில் நின்றவன் மேல் போய் முட்டியது. ஒருவரும் சத்தம் போட்டுச் சிரிக்கவில்லை. வாத்தியார் என்கிற மரியாதைக்கு இருமினார்கள்.

அந்த நேரம் போர்வையை விலக்கிக்கொண்டு பாக்கியம் உள்ளே வந்தாள்.

கையில் டியூஷன் பை. முக்காலியில் அப்பா. தனிஸ்லாஸ் அவளைப் பார்த்துவிட்டார். டாக்டர் சொன்னபடி நிதானமாகப் பேச நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தார். ஆனால் கடைசிப் படகு அப்போது இரண்டு பாறைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது.

"பாக்கியம், இதை எப்படிம்மா பின்னால இழுக்குறது?" என்றார்.

அவள் பையைக் கீழே போட்டாள். அப்பா கைக்கு மேலாகக் கை வைத்துக் குச்சியை வெட்டி இழுத்தாள். படகு பிழைத்தது. அவர் முக்காலியை விட்டு எழுந்து அவளை உட்கார வைத்தார், பக்கத்தில் நின்று புத்தகத்தைப் பிரித்துக்கொண்டார். இவர் படிக்கப் படிக்க அவள் ஓட்டினாள். மூன்றாவது ஆற்றில் சுழி வந்ததும், "இப்ப, சிவப்பு, ரெண்டு தரம்" என்றார். படகு முங்கியது. சுழி சும்மா சுற்றிக்கொண்டே நின்றது; படகு அங்கிட்டுப் போய்த் தலையைத் தூக்கியது. இளவட்டங்கள் போட்ட கூச்சலில் சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் ஒட்டுவதை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். நாலாவது ஆற்றில் பாலம் இடிந்து விழும் என்று புத்தகம் சொன்னது, இடிந்தது, ஓரமாக ஒதுங்கித் தப்பினாள்.

ஐந்தாவது ஆறு திரையில் வந்தது. தண்ணீர் கறுப்பாக இருந்தது. தனிஸ்லாஸ் பக்கத்தைப் புரட்டினார். அட்டைதான் இருந்தது.

"அண்ணே, மிச்சப் பக்கம் எங்க?"

முத்துக்கருப்பன் தலையைச் சொறிந்தார். போன வாரம் வடை வந்தபோது எண்ணெய் ஒற்றுவதற்குக் காகிதம் கிடைக்கவில்லை என்று சொன்னார்.

தனிஸ்லாஸ் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். இதுவரை அவர் வாழ்க்கையில் இப்படி நடந்ததில்லை. படிக்க ஒன்றும் இல்லை, ஆறு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. பாக்கியம் திரும்பிப் பார்த்தாள்.

"என்னப்பா செய்ய?"

"புத்தகத்துல இல்லையேம்மா."

"இல்லாட்டி என்ன, போய்ப் பாப்போம்."

போய்ப் பார்த்தார்கள். படகு முங்கிச் செத்தது. மறுபடி முதல் ஆற்றிலிருந்து வந்தார்கள். முங்காமல் போய்ச் செத்தது. கரையோரமாகப் போனால் என்ன ஆகும் என்று தனிஸ்லாஸ் கேட்டார், செத்துத்தான் போகும் என்று ஒர்க்‌ஷாப் இளவட்டம் ஒருவன் சொன்னான், போய்ச் செத்தார்கள். ஒவ்வொரு தரமும், இந்தத் தடவை இப்படிச் செய்தால் என்ன என்று இவருக்கு ஒரு யோசனை வந்துகொண்டேயிருந்தது. தப்பாகப் போனதும் வருத்தம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. பாக்கியம் அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். இந்த மனுஷனை அவள் வீட்டில் பார்த்ததில்லை.

கறுப்புத் தண்ணீரில் ஏதோ ஒரு வெளிச்சம் தெரிகிற நேரத்தில் கரண்ட் போய்விட்டது.

வெளியே வந்து நடந்தார்கள். அந்த வெளிச்சம் விளக்கா, இன்னொரு படகா என்று பேசிக்கொண்டே பஸ் நிறுத்தம் வரை போனார்கள். அங்கே பாக்கியம் தானாகவே நின்று, டீச்சரிடம் காய்ச்சல் என்று சொன்னதைச் சொன்னாள். தனக்குத் தெரியும் என்றார் அவர். அப்படியானால் ஏன் திட்டவில்லை என்று கேட்டாள். திட்டத்தான் வந்ததாகவும், நடுவில் முதலை வந்துவிட்டதாகவும் சொன்னார். பிறகு கொஞ்சம் யோசித்து, "பொய் சொன்னது தப்புதான். டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துருவோம்" என்றார்.

சுந்தரம்மாள் டீச்சர் வாசலில் விளக்கேற்றிக்கொண்டிருந்தார். பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். விட்டுப்போன கணக்கு அத்தனையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் போட்டு வர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அதோடு விட்டிருக்கலாம். தனிஸ்லாஸுக்கு வாய் நிற்கவில்லை. படகைப் பற்றியும் சுழியைப் பற்றியும் விளக்க ஆரம்பித்துவிட்டார். காற்றில் அணைந்த விளக்கை மறுபடி ஏற்றக் கிழித்த தீக்குச்சி விரலைச் சுடுகிற வரைக்கும் டீச்சர் கேட்டுக்கொண்டு நின்றார்.

வீட்டில் ஆனிமேரிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சைக்கிள் கடைக்கு எதிரிலிருக்கும் மருந்துக் கடையிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கே போன் போயிருந்தது. கோபமாகத்தான் வாசலில் நின்றாள். ஆனால் அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு படியேறினார்கள். இவள் நிற்பதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை எந்தக் கரையோரமாகப் போவது என்பதில் சண்டை. கை கழுவும்போதும் சண்டை. ஆனிமேரி தட்டை எடுத்து வைத்தாள், தோசையைப் போட்டாள், கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்தாள். பிறகு அவளாலும் பொறுக்க முடியவில்லை.

"ஏங்க, ரெண்டு கரையையும் விட்டுட்டு, சும்மா நடுவுல நின்னா என்ன ஆகும்?"

இரண்டு பேரும் தோசையை வாயில் வைத்தபடி அவளைப் பார்த்தார்கள். அதை யாரும் யோசித்துப் பார்த்திருக்கவில்லை.