விலைக்குப் போன கிண்ணம்

எங்கள் ஊர் மடத்தைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் தடவிப் பார்ப்பது வடக்குச் சுவரைத்தான். உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, எழுநூறு வருஷத்துக் குளிர்ச்சி என்பார்கள். அது போன வருஷம் நான் முதுகில் சுமந்த சிமெண்ட். பழைய மடத்தில் மிச்சமிருப்பது முழங்கால் உயரக் கல் வரிசைகளும், பலிபீடம் இருந்த இடத்தில் ஒரு பள்ளமும்தான். அதை யாரும் தொடுவதில்லை. அழுக்காக இருக்கிறதாம்.

அந்தப் பள்ளத்தருகே ஒரு செம்மறிக் கிடாய் கொடுப்பதாக என் மனைவி இரின்கா நேர்ந்திருந்தாள். குளிர்காலத்தில் எங்கள் மகள் தெனா, நெஞ்சில் நீர் கட்டி ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடந்தபோது நோய் தீர்க்கும் புனித பந்தலேமோனிடம் வேண்டிக்கொண்டது. பெண் பிழைத்தாள். குர்பான், அதாவது நேர்ந்துவிட்ட கிடாயை அறுத்து ஆக்கும் சாப்பாட்டை, வந்தவர்கள் எல்லோருக்கும் போட வேண்டும். யாரையும் விரட்டக் கூடாது, காசு வாங்கவே கூடாது. வாங்கினால் அது வியாபாரம். கொடுத்த உயிரைப் புனிதர் திரும்பக் கேட்பார் என்பார்கள். நான் அவ்வளவாக நம்புகிறவன் இல்லை. ஆனால் தெனா இருமினால் எழுந்துபோய் அவள் மூச்சைக் கேட்பேன்.

புனிதரின் திருநாளன்று கிடாயோடு போனோம். வாசலில் டிக்கெட் கூண்டு, உள்ளே மேயரின் மச்சினன் கெர்கின். ஒரு வேலைக்கும் லாயக்கில்லாதவனை எங்கே வைப்பது என்று தெரியாமல் வரலாற்றுக்குக் காவல் வைத்திருந்தார்கள்.

"என்னண்ணே, ஆடும் சுத்திப் பாக்க வந்திருக்கா? டிக்கெட்டு?" என்று இளித்தான்.

"ஒன்னையே உள்ள விட்டிருக்காங்க, ஆட்டுக்கு என்னடா டிக்கெட்டு?" என்றாள் இரின்கா.

பாதிரியார் தாமதமாக வந்து, கிடாயின் கொம்பில் மெழுகுவத்தி வைத்து, எதையோ முணுமுணுத்தார். அறுத்து முடித்ததும் தோலையும் ஒரு தொடையையும் சுருட்டிக்கொண்டு, கல்யாணம் இருக்கிறது என்று போய்விட்டார். கறியும் கோதுமையும் கொப்பரையில் சூப்பாக வெந்தன.

மதியம் நான் ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். இரின்கா, வெயிலில் சோர்ந்த தெனாவை மர நிழலுக்குக் கூட்டிப் போனாள். கொப்பரையைத் தான் பார்த்துக்கொள்வதாக கெர்கின் சொன்னான். பார்த்துக்கொண்டான். திரும்பி வந்தால் தலைநகரத்துப் பேருந்து ஒன்று நிற்கிறது, கொப்பரைக்கு முன்னால் ஓர் அட்டை. 'துறவிகள் குடித்த சூப்', கீழே விலை. துறவிகள் கறியே தொட மாட்டார்கள், அந்த மடையனுக்கு அதுவும் தெரியாது. நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் ஒரு கிண்ணம் கைமாறிவிட்டது.

பின்னால் வந்த இரின்கா வெளுத்துப் போனாள். "வித்துட்டானா?"

"ஒரே ஒரு கிண்ணம்க்கா. அதுக்குப் போயி…"

"பணத்த எடுடா நாயே!"

பிடுங்கிக்கொண்டு ஓடினேன். வாங்கியவர் வைக்கோல் தொப்பியும் வெள்ளைக் கால்சட்டையுமாகப் பள்ளத்தின் ஓரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. இன்னும் வாயில் வைக்கவில்லை. சூப்பைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இந்தாங்க ஒங்க பணம். இது விக்கிறதில்ல."

"பரவால்ல பெரியவரே, வெச்சுக்குங்க."

"வெச்சுக்கக் கூடாது. புடிங்க."

அவர் மனைவியிடம் திரும்பினார். "பாத்தியா, கிராமத்து ஜனங்க எவ்வளவு வெள்ளந்தி!" என்னையும் ஒரு போட்டோ எடுத்தார். பிறகு பையிலிருந்து இன்னொரு நோட்டை உருவி என் சட்டைப் பையில் செருகினார். "அதோ நிக்கிறது ஒங்க பொண்ணா? அதுக்கு ஏதாச்சும் வாங்கிக் குடுங்க."

அந்த நேரம் பார்த்து தெனா இருமினாள்.

கிண்ணத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். பாதி சூப் வெள்ளைக் கால்சட்டையில் கொட்டியது.

"யோவ், பைத்தியமாய்யா நீ!"

"ரெண்டு நோட்டையும் வாங்கு. வாங்காம எடத்த விட்டு நகர மாட்டேன்."

சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. எழுநூறு வருஷத்து மடத்தை விட்டுவிட்டு எல்லோரும் அவருடைய கால்சட்டையைப் பார்த்தார்கள். கடைசியில் நோட்டுகளைக் கசக்கி வாங்கிப் பையில் திணித்தார். நான் புதுசாக ஒரு கிண்ணம் ஊற்றி நீட்டினேன்.

"இப்ப சாப்புடுங்க. இது சும்மா."

"ஒன் சூப்பு எனக்கு வேணாம்!"

அவர் மனைவி கையை நீட்டினாள். "எனக்குக் குடுங்க. காலைலேந்து இவரோட கல்லு கல்லா சுத்தி உசுரு போவுது."

"ஆரோக்கியத்துக்குன்னு சொல்லிட்டு சாப்புடணும்மா," என்றாள் இரின்கா.

"யாரோட ஆரோக்கியத்துக்கு?"

"அதோ, அவளுக்கு. தெனா."

அந்த அம்மாள் தெனாவை ஒரு தடவை பார்த்தாள். "தெனாவோட ஆரோக்கியத்துக்கு," என்று சொல்லிவிட்டு, நின்றபடியே மடமடவென்று குடித்தாள். "உப்பு கம்மி," என்றாள். இரின்கா சிலுவை போட்டுக்கொண்டாள்.

பேருந்துக் கூட்டம் வரிசையில் நின்றது. ஒவ்வொருவரும் தெனா பெயரைச் சொல்லி வாங்கினார்கள். கெர்கினும் வந்தான், வெட்கமில்லாமல், இரண்டு கிண்ணத்தோடு. அவனுக்கும் ஊற்றினேன்.

கடைசியாக, கால்சட்டையைத் துடைத்துக்கொண்டே தொப்பிக்காரர் வந்து நின்றார்.

"சரி, எனக்கும் ஒண்ணு ஊத்து," என்று பையில் கைவிட்டார். "எவ்வளவு?"

இரின்கா கரண்டியை ஓங்கினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.