உபயம்: கடல்

நாதமணி இசை மன்றத்தின் சுவரிலிருந்து கடல் இறங்கிக் கணுக்கால் அளவு நின்றபோது, ஓவியர் நினைவு விழா மேடையில் மூன்றாவது பொன்னாடை போர்த்தப்பட்டுக்கொண்டிருந்தது. திருப்பூரில் கடல் கிடையாது. அந்தச் சுவரில் தூத்துக்குடித் துறைமுகத்தை ஓவியமாக எழுதியவர் அந்தோணிராஜ். கப்பல்காரர்கள் வந்து ஆடிய அந்த ஊர்ப் பாட்டு கிளப்புகளுக்குச் சுவரும் திரையும் எழுதிய நாலைந்து பேரில் ஒருவர். கிளப்புகள் செல்போன் கடைகளானதும் குடும்பத்தோடு இங்கே வந்து, பிரிண்டிங் பட்டறையில் குழந்தைச் சட்டைகளுக்குக் கரடி பொம்மை அடித்தார். மன்றம் கட்டிய பனியன் முதலாளிகள் அவரைக் கூப்பிட்டுச் சுவரைக் கொடுத்தார்கள். நீலம் கூடிப்போச்சு என்று குறை சொன்னார்கள். கூலியாக, எக்ஸ்போர்ட்டில் கழித்துக்கட்டிய டீசர்ட் ஒரு மூட்டை கொடுத்தார்கள். அவர் செத்துப் பல வருஷம் கழித்து, சென்னையிலிருந்து யாரோ வந்து சுவரைப் படம் பிடித்துப் பாராட்டிய பிறகுதான் அவர்களுக்குப் பாசம் பொங்கியது.

பொங்கிய பாசத்தில் செய்த முதல் வேலை, சுவரின் மூலையில் அவர் போட்டிருந்த பேரின்மேல் வெள்ளையடித்து, 'உபயம்: கிட்டுசாமி' என்று எழுதியது. கிட்டுசாமி மன்றத்தின் தலைவர். கோயிலுக்கு டியூப்லைட் கொடுத்தால்கூட வெளிச்சத்தை மறைத்துப் பேரெழுதுகிற ஆட்கள், கடலை விடுவார்களா? அந்தோணிராஜின் மகள் நிர்மலா, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள், அரைநாள் லீவு போட்டு விழாவுக்கு வந்தாள். தூத்துக்குடிச் சுவர்கள் எல்லாம் இடிந்துவிட்டன; அப்பா கையால் எழுதிய பேர் அவளுக்கு இங்கே மட்டும்தான் மிச்சம்.

"விழா யாருக்கு சார்? எங்கப்பாவுக்குத்தான? பொறவு அவரு பேர எதுக்கு அழிச்சிய?" என்று நேராகக் கேட்டாள்.

"ஆரு கண்ணு அழிச்சா?" என்றார் கிட்டுசாமி. "மேல பெயிண்ட் அடிச்சிருக்குது, அவ்வளவுதான். பேரு பத்திரமா அடியில இருக்குது."

அவள் பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் தண்ணீர் வந்தது.

தண்ணீர் உப்புக் கரித்தது. உப்பு என்றால் இந்த ஊருக்குச் சாயப்பட்டறைகள் திறந்துவிடும் சாயத்தண்ணீர்தான். செயலாளர் லிங்கசாமி பக்கத்து டையிங்காரரைப் போனில் கூப்பிட்டுக் கிழித்தார். "எங்க தண்ணி இன்னைக்குச் செவப்புங்க. அங்க வந்தது என்ன கலருங்க?" என்று அவர் யோக்கியமாகக் கேட்டார். அதற்குள் தலைமை விருந்தினரின் வேட்டிக்குள் நெத்திலி புகுந்துவிட்டது. சாயத்தண்ணீரில் நெத்திலி பிழைக்காது என்பது லிங்கசாமிக்கே தெரியும்.

காலையில் தண்ணீர் சுவருக்குள் திரும்பியிருந்தது. கிட்டுசாமியின் பேரைக் காணோம். வெள்ளை மட்டும் இருந்தது. மறுபடி எழுதினார்கள்; அடுத்த பௌர்ணமிக்குக் கடல் வந்து நக்கிக்கொண்டு போனது. எனாமலில் எழுதினார்கள், போயிற்று. திருமுருகன்பூண்டியில் கருங்கல்லில் வெட்டிக் கொண்டுவந்து பதித்தார்கள். கல் இருந்தது, எழுத்து இல்லை. கடைசியில் பெரிய மனசு பண்ணி, கிட்டுசாமியைக் கொட்டை எழுத்திலும், கீழே அந்தோணிராஜைப் பொடி எழுத்திலும் போட்டார்கள். அந்தப் பிச்சையும் கடலுக்குப் பிடிக்கவில்லை. கல்லைப் பெயர்த்து, இரண்டு வரியையும் கழுவி, வெள்ளையையும் உரித்துவிட்டுப் போனது. அடியில், வலப்பக்கம் சாய்ந்த எழுத்தில், அவரே போட்ட பேர்.

நிர்மலா வந்து அதை விரலால் தடவிப் பார்த்தாள். "பத்திரமாத்தான் வச்சிருந்திருக்கிய சார்," என்றாள். கிட்டுசாமி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

இப்போதும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி தண்ணீர் ஏறுகிறது. முதலாளிகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கால் நனையக் கச்சேரி கேட்டு, தொடையில் தாளத்தைத் தப்பாகப் போடுகிறார்கள். நெத்திலியை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்பதில்தான் தகராறு. நிர்மலா ஷிப்டு முடிந்து வந்தால் பேர் தெரிகிற நாற்காலியில் உட்காருகிறாள். தண்ணீர் இறைக்கும் மோட்டாரில் மட்டும் 'உபயம்: கிட்டுசாமி' என்று எழுதியிருக்கிறது. அதைக் கடல் கண்டுகொள்வதில்லை.