நாற்பது நிமிடத்துக்குப் பிறகு வந்த கோடு

அபோண்டி மருந்தகத்தில் தந்த சோதனைக் குச்சியின் பஞ்சு முனையை மேல் ஈறில் ஒரு முறையும் கீழ் ஈறில் ஒரு முறையும் தடவி, குப்பியிலிருந்த நீரில் நிறுத்தி, ஜன்னல் விளிம்பில் வைத்தபோது மணி ஆறே கால். கூடவே தந்திருந்த தாளை நான்கு முறை படித்திருந்தாள். இருபது நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். நாற்பது நிமிடத்துக்குமேல் பார்க்கக் கூடாது. ஒரு கோடு என்றால் எச்.ஐ.வி. கிருமி இல்லை. இரண்டு கோடு என்றால் மருந்தகத்துக்கு வந்து மறுபடி சோதித்துக்கொள்ள வேண்டும்.

ஒரே ஒரு கோடு வந்துவிட்டால், கிருமி அண்டாமல் காக்கும் மாத்திரையை அன்றைக்கே தருவதாக மருந்தகத்து நெகேசா சிஸ்டர் சொல்லியிருந்தார். அந்த மாத்திரைக்காகத்தான் அவள் இந்தச் சோதனைக்கே துணிந்தாள். மூன்று மாதமாகப் படகுக்காரர் ஒடேராவின் படகில் வரும் ஒமேனாப் பொடிமீன் முதலில் அவளுடைய கூடைக்குத்தான் வருகிறது. அதற்கு ஈடாக அவர் எதிர்பார்ப்பது என்னவென்று அந்த ஏரிக்கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆணுறை அணியும் பேச்சை அவள் இரண்டு முறை எடுத்தாள். முதல் முறை அவர் சிரித்தார். இரண்டாம் முறை மறுநாள் மீன் வேறொருத்தியின் கூடைக்குப் போயிற்று. மூன்றாம் முறை அவள் பேசவில்லை.

வழக்கமாக ஏழு மணிக்கு வரும் படகு, காற்று மாறியதாலோ என்னவோ, அன்று ஆறரைக்கே வந்துவிட்டது.

"அலேகோக்காரி! ஏய், அலேகோக்காரி! எந்திரிச்சியா, இல்ல எவனாவது தூக்கிட்டுப் போயிட்டானா?" என்று படகிலிருந்து ஒருவன் கத்தினான். பிறந்த ஊரைச் சொல்லிப் பெண்களை அழைப்பதுதான் அங்கே வழக்கம்.

ஜன்னலைப் பார்த்தாள். ஒரு கோடு மெதுவாக எழும்பிக்கொண்டிருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் நின்றால் போதும். ஆனால் கூடை இல்லாத கைக்காக எந்தப் படகும் காத்திருப்பதில்லை. ஓடினாள்.

"மூஞ்சி ஏன் வேகாத உகாலிக் களி மாதிரி இருக்கு?" என்று ஒடேரா கேட்டார். "உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்," என்றாள். சொன்ன பிறகு, அது உண்மையா என்று தனக்கே தெரியவில்லை என்பது உறைத்தது.

மூன்று கூடை ஒமேனா. மணலில் வலை விரித்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் காயப் பரப்பி, கொக்குகளை விரட்டி, நிமிர்ந்தபோது வெயில் தோளைச் சுட்டது. வீடு திரும்பியபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது.

குச்சியில் ஒரு கோடு தெளிவாக இருந்தது. அதன்கீழே இன்னொன்று இருந்ததா, இல்லையா? குச்சியைச் சாய்த்தால் இருந்தது; நேராகப் பிடித்தால் இல்லை. வாசலுக்குக் கொண்டுவந்தால், பால் விட்ட தேநீரின் நிறத்தில் ஒரு நிழல். இருக்கிறது என்று முடிவு செய்து அழத் தொடங்கினாள். பிறகு இல்லையென்று தோன்றவே, அழுகையை நிறுத்தி மறுபடி பார்த்தாள். நான்கு முறை படித்த தாள் கூரையிடுக்கில்தான் இருந்தது. அதை எடுக்கும் நினைவே வரவில்லை.

பக்கத்து வீட்டு அவினோவிடம் போக முதலில் மனம் வரவில்லை. அவினோ படுக்கைக்கு அடியில், காலுறைக்குள் ஒரு மாத்திரை டப்பாவை ஒளித்துவைத்திருப்பதை அபோண்டி இரண்டு மாதத்துக்கு முன்பு தற்செயலாகக் கண்டுவிட்டாள். மாத்திரைகள் குலுங்கிச் சத்தம் போடாதபடி உள்ளே பஞ்சு அடைத்திருந்தது. அன்றிலிருந்து அவினோ தரும் தேநீரை ஏதாவது சாக்குச் சொல்லித் தவிர்த்துவருகிறாள். கோப்பையால் அந்தக் கிருமி தொற்றாது என்று பள்ளியில் படித்தவள்தான். படித்தது ஒரு பக்கம், கை ஒரு பக்கம்.

ஆயினும் இப்போது அவினோவை விட்டால் வேறு யாரிருக்கிறார்கள்?

"உயோமாக்காரி, இதைக் கொஞ்சம் பாரேன். எத்தனை கோடு?"

அவினோ கண்ணைச் சுருக்கினாள். "ஒன்னு. இல்ல, ஒன்னரை. என் பாவாடையில மூணு தடவை துவைச்ச கறை மாதிரி இருக்கு. இரு, எனக்கும் பயமா இருக்குடி."

"உனக்கென்ன பயம்? உனக்குத்தான் ஏற்கெனவே..." என்று வாய் தவறிவிட்டது.

அவினோவின் முகம் இறுகியது. "ஏற்கெனவே என்ன?"

"டப்பாவைப் பார்த்தேன். காலுறையில."

அவினோ சிரிக்கத் தொடங்கினாள். அந்தச் சிரிப்பு நல்லதாக இல்லை. "அடிப்பாவி! அதனாலதான் என் டீ உனக்குக் கசந்துச்சா? அது வராம தடுக்கிற மாத்திரைடி! நீ இப்ப வாங்கப் போறியே, அதேதான்! வந்தவங்களுக்கும் டப்பா, வராதவங்களுக்கும் டப்பா. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். பார்க்கிறவங்க நோய்னுதான் நினைப்பாங்கன்னு ஒளிச்சு வச்சேன். கடைசியில நீயே நினைச்சிருக்க."

அபோண்டி அவள் முகத்தையே பார்த்தாள். இத்தனை நாள் நோயாளி என்று எண்ணியவளுக்கு நோயில்லை. நோயில்லை என்று எண்ணிய தனக்கு ஒன்றரைக் கோடு.

"என் மூஞ்சியைப் பார்த்தா கோடு மறையுமா? சிஸ்டர்கிட்ட போ," என்றாள் அவினோ. "உன் மீனை நான் பார்த்துக்கறேன். மானம் வேற கறுக்குது."

நெகேசா சிஸ்டர் குச்சியை வாங்கிப் பார்க்கும் முன்பே கேட்டார். "எத்தனை மணிக்கு வச்ச?"

"ஆறே காலுக்கு, சிஸ்டர்."

"எப்பப் பார்த்த?"

"ஒமேனாவைப் பரப்பிட்டு வந்து."

சிஸ்டர் குச்சியைக் குப்பையில் போட்டார். "நாற்பது நிமிஷம் தாண்டி வர்ற கோடு எதுக்கும் சாட்சியில்ல. இருக்குன்னும் சொல்லாது, இல்லைன்னும் சொல்லாது. இந்தக் கரையில இருந்து இப்படி வர்ற நாலாவது ஆள் நீ. படகைப் பார்ப்பீங்க, வலையைப் பார்ப்பீங்க, குச்சியைத்தான் மத்தியானம் பார்ப்பீங்க. விரலை நீட்டு."

"அப்ப எனக்கு இருக்கா, இல்லையா?"

"அதைத்தானே பார்க்கப் போறோம். பதினஞ்சு நிமிஷம். எங்கேயும் போகாத."

ஒரு துளி இரத்தம் சோதனைப் பட்டையில் இறங்கியது. சுவர்க் கடிகாரத்தின்கீழ் அபோண்டி உட்கார்ந்தாள். ஐந்தாவது நிமிடத்தில் தகரக் கூரைமேல் முதல் துளி விழுந்தது. பிறகு பத்து. பிறகு எண்ண முடியாத அளவு. மூன்று கூடை ஒமேனா. ஒருமுறை நனைந்தால் கோழித் தீவனத்துக்குத்தான் ஆகும். அவினோ ஒருத்தியால் எத்தனையை அள்ள முடியும்?

அவளையறியாமல் எழுந்தாள். கதவு வரை போனாள். சிஸ்டர் தடுக்கவில்லை, கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

அபோண்டி திரும்பி வந்து உட்கார்ந்தாள். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, பட்டையை விட்டுக் கண் எடுக்காமல், மழை முழுவதும் பெய்து தீரும்வரை இருந்தாள்.

ஒரு கோடு. சாய்த்தாலும் ஒன்று, நேராகப் பிடித்தாலும் ஒன்று.

"இன்னைக்கு வரைக்கும் இல்ல," என்றார் சிஸ்டர். "போன வாரம் ஒட்டியிருந்தா இது காட்டாது. ஒரு மாசம் கழிச்சு மறுபடி வா. மாத்திரை தினம் ஒன்னு. முதல் ஏழு நாளைக்கு இதை நம்பிடாத. உறை இல்லாம வேணாம்."

"அவர் ஒத்துக்க மாட்டார், சிஸ்டர்."

"ஏழு நாளைக்கு உனக்குக் காய்ச்சல்னு சொல்லு. வயித்துவலின்னு சொல்லு. அதுக்கப்புறமும் வா, பேசுவோம்."

இல்லையென்ற விடையைக் கையில் வாங்கியும், முழுதாக மகிழ முடியாமல் அபோண்டி வெளியே வந்தாள். ஏழு நாள் மீன் யாருடைய கூடைக்குப் போகும்?

கரையில் அவினோ சொட்டச் சொட்ட நின்றிருந்தாள். ஒரு கூடை தப்பியிருந்தது. மற்ற இரண்டும் மணலோடு சேர்ந்து கூழாகிக் கிடந்தன.

"என்னடி ஆச்சு?"

அபோண்டி மடியிலிருந்த டப்பாவைத் தொட்டாள். அது கலகலவென்று சத்தம் போட்டது. அக்கம்பக்கத்தில் இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒன்னு," என்றாள். "உன் வீட்டில டீ இருக்கா?"

அவினோ கூடையின் ஒரு காதைத் தான் பிடித்து, மறு காதை அவள் பக்கம் தள்ளினாள்.

"கோப்பை ஒன்னுதான் இருக்கு," என்றாள்.