நாலு மணி நேரமும் பதினோரு கிலோமீட்டரும்

துபாயிலிருந்து மதுரைக்கு மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. விமானத்தில் நாலு மணி நேரம். பார்க்கிறவர்களிடமெல்லாம் ரமீஜா இதைச் சொல்லிச் சொல்லி, அவள் அம்மா சம்சாத் பேகத்துக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. வரப்போவது ரமீஜாவின் புருஷன் நவாஸ். பிறந்த பிள்ளையை இன்னும் கையில் வாங்காதவன். கம்பெனி கொடுத்த லீவோ நாலே நாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து, விமானம் கடலுக்கு மேலே ஊர்வதைப் போனில் பார்த்துக்கொண்டே இருந்தாள். சொன்ன நேரத்துக்கு இறங்கியும் விட்டது. பிள்ளைக்குப் பவுடர் போட்டு, புதுச் சட்டை மாட்டி, ராஜபாளையத்து அம்மா வீட்டு முன்னறையில் வந்து உட்கார்ந்தாள்.

போன் வந்தது. "ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துட்டேன் ரமீஜா. வழியிலதான நம்ம வீடு? அம்மாவப் பாத்துட்டு செத்த நேரத்துல வாரேன்."

அந்தச் செத்த நேரம் இருக்கிறதே, அது எந்தக் கடிகாரத்துக்கும் அடங்காது. அப்புறம் கேட்டால், பெரியம்மா வந்திருக்கிறாளாம். ஜும்ஆ தொழுகை முடிந்து கேட்டால், பிரியாணி தம்மில் இருக்கிறதாம். அதற்கும் பிறகு, பெட்டியைப் பிரிக்கிறார்களாம், மச்சானுக்கு வாங்கிய செண்டு பாட்டிலைக் காணோமாம். செண்டு பாட்டிலாவது மண்ணாவது! கடலைத் தாண்டி வந்த மனுஷனுக்குப் பதினோரு கிலோமீட்டர் தாண்ட முடியவில்லை. நடந்திருந்தால்கூட வந்து சேர்ந்திருப்பான். ரமீஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை புதுச் சட்டையை நனைத்து, மாற்றிவிட்ட சட்டையையும் நனைத்துவிட்டது.

பொழுது சாயும்போது நவாஸ் மறுபடி கூப்பிட்டான். "ராத்திரி இங்கனயே படுத்துட்டுக் காலைல போன்னு அம்மா சொல்லுதாக."

ரமீஜா போனை வைத்துவிட்டு, அடுத்த தெரு ஆட்டோக்காரர் ஆண்டிச்சாமியை வரச் சொன்னாள்.

சம்சாத் பேகம் வாசலை மறித்துக்கொண்டாள். "ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு? பிள்ள பெத்து நாப்பது நாள் கழியல. அவிய வந்து முறையாக் கூப்பிடாம பிள்ளையோட மாமியா வீட்டுப் படிய மிதிப்பாகளா? காலம்பூரா சொல்லிக் காட்டுவாக!"

"படிய மிதிக்க மாட்டேம்மா. தள்ளு."

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமியார் வீட்டு முன்னால் ஆட்டோ நின்றது. அவள் இறங்கவில்லை. "ஹாரனை அடிங்கண்ணே. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீக."

தெருவே எட்டிப் பார்த்தது. மாமியார் வெளியே வந்தாள். "இதென்ன கூத்து? நாள் கழியாம, பச்சப்பிள்ளையத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்து நிக்கா!"

"உங்க வீட்டுக்கு நான் வரல மாமி. ரோட்டுலதான் இருக்கேன். எங்க வீட்டுக்கு வரவேண்டிய ஆளக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

மாமியாருக்குப் பின்னாலேயே நவாஸ் சால்னாக் கையோடு வந்தான். ஆட்டோவைப் பார்த்தான். பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். ரமீஜா அதைக் கண்டுவிட்டாள்.

"வண்டியத் திருப்புங்கண்ணே."

ஆட்டோ நகர்ந்தது. நவாஸ் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்து தொற்றி ஏறினான். எச்சில் கையை வெளியே நீட்டிக்கொண்டு இடது கையை விரித்தான். அவள் பிள்ளையை அதில் கிடத்தினாள். அவன் கண் கலங்கிவிட்டது.

"யம்மாடி, இம்புட்டூண்டு இருக்கான்."

"பொறந்தப்ப இன்னும் சின்னதா இருந்தான்" என்றாள் ரமீஜா. "அத நீங்க பாக்கல."