பத்துப் பைசா ஏற்றம்

1

பத்து நாள். அதாவது இருநூற்று நாற்பது மணி நேரம். பாக்கியநாதனின் கண்கள் கட்டப்பட்டிருந்த நேரம் அவ்வளவுதான்.

முதலில் இப்படித் தொடங்கவில்லை. ‘கும்மிடிப்பூண்டி வானத்தில் புகை’ என்று எழுதி, நிறுத்தினேன். அந்தப் புகையை அவர் பார்க்கவில்லையே.

கதை கிடைத்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி ரயிலில் எதிரே இருந்தவர் பக்கத்துக்காரரிடம், தான் வாங்கிய பங்குகளைப் பற்றி, “போட்ட வெலைக்கு வரட்டும், அன்னிக்கே வித்துட்றேன்” என்றார். அவர் முகத்தில் பேராசை இல்லை. திரும்பி வரவேண்டிய பிள்ளையைப் பற்றிப் பேசுகிற முகம். [மேலே கேட்க எனக்குக் கூச்சம். மிச்சத்தை நானே உண்டாக்கினேன்.]

2

வருஷம் 1977. பாக்கியநாதன் இரும்புக் குழாய் ஆலையில் ஃபிட்டர். ஆலை பங்கு வெளியிட்டபோது, பத்து ரூபாய் வீதம் ஐம்பது வாங்கினார். “நாம செய்ற கொழாய் ஆச்சே, நமக்குத் தெரியாதா?” குழாயைத் தெரிந்தவருக்குப் பங்கும் தெரியும் என்று அந்த வரிசை வீடுகள் அத்தனையும் நம்பின.

பி.எஸ்ஸி. வேதியியல் முடித்த மகள் சாராளை பி.எட். சேர்க்க வைத்திருந்த பணம் அது.

கண்புரை அறுவைக்கு முந்தின நாள் விலை ஒன்பது இருபது. அவரே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அறுவை முடிந்ததும் டாக்டர் சொன்னார்: குனியக் கூடாது, தும்மக் கூடாது, அழக் கூடாது.

மறுநாள் ஆலைச் சங்கு ஊதியதும் சாராள் பேப்பரைப் பிரித்துப் பொடி எழுத்தில் விரல் வைத்தாள். விலை இறங்கியிருந்தது.

“இன்னாம்மா போட்டுக்கிறான்?”

“ஒம்போது முப்பது, நைனா.”

“பாத்தியா? சங்கு நேரத்துக்கு ஊதுது. ஏறாம இன்னா செய்யும்?”

(உண்மை விலையை இங்கே எழுதியிருக்க வேண்டும். விரல் வரவில்லை.)

3

சாராள்மேல் எனக்கு ஒரு சந்தேகம். ஏன் பத்துப் பைசா? ஒரே நாளில் ஒரு ரூபாய் ஏற்றியிருக்கலாமே?

ஆய்வுக்கூடத்தில் ப்யூரெட்டைத் திருகி அமிலத்தைத் துளித் துளியாக விடப் பழகிய கை அது. எந்தத் துளியில் நிறம் மாறும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதும் அவளுக்குத் தெரியும். மறந்துவிட்டாள்.

சனி, ஞாயிறு சந்தை இல்லை. பேப்பரில் விலை வந்தது எட்டு நாள்தான். நாளுக்கு ஒரு துளி.

4

ஆறாம் துளி. அன்று தாவீது வந்தான். அதே ஆலையில் வெல்டர், பேப்பர் படிக்கத் தெரியாதவன். அவனிடமும் ஐம்பது பங்கு, மகள் கல்யாணத்துக்கு.

“அண்ணாத்தே, எனக்கு பயமா கீது. வந்த வெலைக்குத் தள்ளிடலாம்னு பாக்கறேன்.”

“போடா, பேஜாரு புடிச்சவனே! இன்னிக்கு ஒம்போது எம்பது. சாராளே படிச்சா. பத்து ஆவட்டும், ரெண்டு பேரும் ஒண்ணா விப்போம். நீ எனுக்கு பிரியாணி வாங்கித் தரணும்.”

“ஊட்ல கல்யாணம் வச்சிக்கினு கீறவன்கிட்ட பிரியாணி வேற கேக்கறியா?”

பாக்கியநாதன் சிரித்தார். “சிரிக்காதய்யா, தையலு பிரிஞ்சிக்கப் போவுது” என்று அடுப்படியிலிருந்து அவர் மனைவி ஞானம்மா கத்தினாள்.

தாவீது சாராளைப் பார்த்தான். “பாப்பா படிச்சா சரிதான்.”

அவள் பேப்பரை மடித்தாள். மடிக்க இடமில்லாத வரை மடித்தாள்.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: விலை உண்மையிலேயே பத்தைத் தொடுகிறது. [வெட்கமாக இருக்கிறது. நானும் பத்துப் பைசா ஏற்றுகிறேன்.]

இன்னொன்று: அப்பாவுக்கு எல்லாம் முதலிலிருந்தே தெரியும். அழகாகத்தான் இருந்தது, அடித்துவிட்டேன். தெரிந்திருந்தால் தாவீதிடம் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

பிறகு: சாராள் தாவீதின் வீட்டுக்குத் தனியாகப் போய், அவனிடம் மட்டும்…

போக மாட்டாள். கூச்சம். எனக்குத் தெரியும்.

6

பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை. மறுநாள் கட்டுப் பிரிக்க வேண்டும். தாவீது வேலைக்குப் போகிற வழியில் வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தான். சங்கு ஊதியது.

ஒன்பது தொண்ணூறு என்றே மறுபடியும் படித்தால் தாவீது காத்திருப்பான். அவன் மகளின் கல்யாணம் நாளுக்கு நாள் கரையும். பத்து என்றால் அவன் திங்கட்கிழமையே பங்கை விற்கப் பட்டணத்துக்கு ரயில் ஏறுவான்; அங்கே உண்மை விலை தெரிந்துவிடும்.

“பத்து ஆச்சா, கண்ணு?”

சாராள் அப்பாவின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். “அழக் கூடாது நைனா. டாக்டர் சொல்லிக்கிறாரு.”

“நான் எதுக்கு அழுவறேன்?”

அதற்கப்புறம் அவர் அழுதாரா, தாவீது எழுந்து போனானா, எதையும் நான் எழுதப் போவதில்லை. அவற்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை நேரம் உங்களுக்கும் கட்டுப் போட்டு வைத்திருந்தேன். அதை மட்டும் பிரித்துவிடுகிறேன்.

“மொத நாளே எறங்கிடுச்சி, நைனா. நாந்தான் ஏத்தி ஏத்திப் படிச்சேன். தாவீது மாமா, நீங்களும் கேட்டுக்குங்க.”

அவள் விரல் பொடி எழுத்தைத் தேடி, நின்றது.

“ஆறு நாப்பது.”